மெக்சிகோ பாஸ்போர்ட்டுல விசா இல்லாம சின்ன ட்ரிப் போறவங்களுக்கு, சேலத்து நாத்தனார் எழுதறது

எங்கண்ணன் மெக்சிகோவுல குவாதலஹாராங்கற ஊருக்கு ஐடி வேலைக்குப் போயி அங்கயே கல்யாணம் பண்ணிக்கிச்சு, அண்ணி மெக்சிகோக்காரங்க, பாப்பா அங்கயே பொறந்ததால அவளுக்கும் மெக்சிகோ பாஸ்போர்ட்டு. நான் இங்க அம்மாபேட்டையில உக்காந்துக்கிட்டு மூணு பேரோட டிக்கெட்டு பேப்பரு எல்லாத்தையும் பாத்துக்கறேன், அஞ்சு ரோடு பக்கம் ஒரு ட்ராவல்ஸ்ல ஏழு வருஷம் டிக்கெட் போட்ட கை, சும்மா இருக்க மாட்டேங்குது. குவாதலஹாரா, மான்டெரே, கெரேத்தரோன்னு அங்க இருக்கற நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி எனக்கு வாட்ஸப் போடறாங்க, எல்லாம் ஒரே கேள்வி, "என் வொய்ஃபுக்கு மெக்சிகோ பாஸ்போர்ட்டுதானே, விசா வேண்டாமே, அப்பறம் எதுக்கு இவ்ளோ பேப்பர் கேக்கறாங்க". அதான் மொத்தமா ஒரு தடவை எழுதி வச்சிடலாம்னு.

மெக்சிகோ பாஸ்போர்ட்டு நம்ம பாஸ்போர்ட்டைவிட ரொம்ப நல்லா ஓடற பாஸ்போர்ட்டுதான், 150க்கு மேல நாடுங்களுக்கு முன்கூட்டி எம்பசி வாசல்ல நிக்காம போகலாம். ஆனா விசா வேண்டாம்னா என்ன அர்த்தம்னு கொஞ்சம் யோசிங்க. நாம ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு விஎஃப்எஸ்னு விசா பேப்பர் வாங்கற ஆபீஸ்ல குடுக்கறோமே, ரிட்டன் டிக்கெட்டு, ஹோட்டல் புக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட்டு, ஆபீஸ் லெட்டரு, அதெல்லாம் இவங்களுக்கும் உண்டு, என்ன, முன்னாடி ஒரு மாசம் உக்காந்து பாக்கறதுக்கு பதிலா பதினோரு மணி நேரம் பறந்து தூக்கக் கலக்கத்துல இறங்கறப்ப கவுன்டர்ல ஒருத்தர் ரெண்டு நிமிஷத்துல பாக்கறாரு, பிடிக்கலைன்னா அங்கருந்தே திருப்பி அனுப்பறாரு. அதனால எங்க வீட்ல ரூல் ஒன்னுதான், விசா கேக்கற மாதிரியே எல்லாத்தையும் ரெடி பண்ணு, ஆனா யாருக்கும் அனுப்பாத, கையில வச்சுக்க. செக்-இன் லக்கேஜ்ல போட்டா வேலைக்கு ஆகாது, இமிக்ரேஷன் தாண்டின பிறகுதான் பெட்டி வரும்.

மொதல்ல மறிக்கற எடம் இமிக்ரேஷன் கூட இல்ல, ஏர்லைன் செக்-இன் கவுன்டர். ஆளை திருப்பி அனுப்பினா கூட்டிட்டு வந்த ஏர்லைன்தான் செலவு பண்ணி திருப்பிக் கொண்டுபோகணும், ஃபைனும் உண்டு, அதனால அவங்க இமிக்ரேஷன் ஆபீசரைவிட கறாரா இருப்பாங்க. அண்ணியோட தங்கச்சி ஸ்பெயினுக்கு ஒன்வே டிக்கெட் போட்டு கெளம்பிடுச்சு, திரும்பறது பஸ்ல போர்ச்சுகல் போயி அங்கருந்து பாத்துக்கலாம்னு நெனப்பு. கவுன்டர்ல ரிட்டன் எங்கன்னு கேட்டாங்க, இல்லைன்னதும் போர்டிங் பாஸ் அடிக்கவே மாட்டேன்னுட்டாங்க. இங்க எனக்கு ராத்திரி ரெண்டரை மணி, போன் அடிக்குது, அண்ணி ஸ்பானிஷும் இங்கிலீஷும் கலந்து அழுவாத குறையா பேசறாங்க, நான் எந்திரிச்சு லேப்டாப் தொறந்து கேன்சல் பண்ணா காசு திரும்பற மாதிரி ஒரு ரிட்டன் டிக்கெட் தேடிப் போட்டு பிடிஎஃப் அனுப்பறதுக்குள்ள கவுன்டர் மூட பத்து நிமிஷம்தான் பாக்கி. அன்னைக்கு போயி சேந்துடுச்சு, ஆனா அந்த கடைசி நேர டிக்கெட்டோட வெலையை நெனச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு எரியுது. ரிட்டன் டிக்கெட்டு, இல்லைன்னா அந்த நாட்டை விட்டு வேற நாட்டுக்குப் போற டிக்கெட்டு, ரெண்டுல ஒன்னு கையில இல்லாம வீட்டை விட்டு கெளம்பாதீங்க.

அடுத்தது பேரு. இதுல நமக்கும் அவங்களுக்கும் நேரெதிர் பிரச்னை. நம்மகிட்ட சர்நேமே கெடையாது, இனிஷியல்தான், டிக்கெட்ல சர்நேம் கட்டத்துல என்ன போடறதுன்னு முழிப்போம். அவங்களுக்கு ரெண்டு சர்நேமு, அப்பாவோட குடும்பப் பேரு மொதல்ல, அம்மாவோட குடும்பப் பேரு அடுத்து, கல்யாணம் ஆனாலும் மாத்திக்கறது இல்ல. எங்கம்மா கேட்ட மொத கேள்வியே "ஏன்டி, கல்யாணம் ஆகியும் பாஸ்போர்ட்டுல புருஷன் பேரு வரலையே, செல்லுமா"ன்னுதான். செல்லும்மா. ஆனா டிக்கெட்ல ரெண்டு சர்நேமும் போடணும், ஒன்னை மட்டும் போட்டுட்டு இன்னொன்ன விட்டா, உள்நாட்டு ஃப்ளைட்டுல கண்டுக்காம விடுவாங்க, ஆன்லைன் அனுமதி கேக்கற நாடுங்களுக்குப் போறப்பதான் மாட்டும், ஏன்னா அங்க பாஸ்போர்ட்டுல இருக்கறதும் அப்ளை பண்ணதும் டிக்கெட்டும் ஒன்னா இருக்கணும். பாஸ்போர்ட்டு போட்டோ பக்கத்துக்கு அடியில அம்புக்குறி மாதிரி நெறைய போட்டு ரெண்டு வரி இருக்கும் பாருங்க, அதைப் பாத்து வரிசை மாறாம அடிங்க. அவங்க பேர்ல வர்ற மேல நெளிவுக்கோடு போட்ட எழுத்தெல்லாம் டிக்கெட் சிஸ்டத்துல ஏறாது, சாதா எழுத்துதான், அதுக்கு பயப்பட வேண்டியதில்ல.

பாஸ்போர்ட்டு எவ்ளோ நாள் செல்லும்னு பாக்கறதுலயும் நெறைய பேரு கோட்டை விடறாங்க. மெக்சிகோவுல பெரியவங்களுக்கு 3, 6, 10 வருஷம்னு கேட்டு வாங்கலாம், காசு மிச்சம்னு 3 வருஷம் வாங்கறவங்கதான் கடைசியில மாட்டறது. சின்னப் பசங்களுக்கு 10 வருஷம் குடுக்கறதே இல்ல, அதனால வீட்டுல எல்லாரோடதும் செல்லுபடியா இருக்கும், பாப்பாவோடது மட்டும் காலாவதி ஆகியிருக்கும். ஐரோப்பாவுக்கு கணக்கு, நீங்க அங்கருந்து கெளம்பற நாள்ல இருந்து இன்னும் 3 மாசம் உயிரோட இருக்கணும், போட்டு 10 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் பக்கம்லாம் 6 மாசம் கேப்பாங்க. நான் எல்லாத்துக்கும் 6 மாசம்னே வச்சுக்கறேன், தலைவலி மிச்சம்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், போற நாட்டைப் பத்தி எல்லாரும் விசாரிக்கறாங்க, நடுவுல இறங்கி ஏறற நாட்டைப் பத்தி யாரும் விசாரிக்கறதே இல்ல. மெக்சிகோக்காரங்களுக்கு அமெரிக்கா போக விசா வேணும், அது தெரிஞ்சதுதான். ஆனா அமெரிக்க ஏர்போர்ட்டுல வெறும் ஃப்ளைட் மாறணும்னாலும் விசா வேணும், துபாய் மாதிரி உள்ளயே உக்காந்திருந்து அடுத்த ஃப்ளைட் ஏறற வசதியே அங்க கெடையாது, எல்லாரும் இமிக்ரேஷன் முடிச்சுதான் ஆகணும். டோக்கியோவுக்கு சீப்பா டிக்கெட்டு தேடினா மொதல்ல வர்றதே லாஸ் ஏஞ்சல்ஸ் வழி, சான் பிரான்சிஸ்கோ வழிதான், ஜப்பானுக்கு விசா வேண்டாம்னு சந்தோஷமா புக் பண்ணிட்டு கடைசியில அமெரிக்க விசா இல்லாம நிக்கறாங்க. கனடா வழியும் அதே கதைதான். அமெரிக்க விசா இல்லாதவங்க மெக்சிகோ சிட்டியில இருந்து நேரா போறதைத்தான் பாக்கணும், டோக்கியோ நரிட்டாவுக்கு நேர் ஃப்ளைட்டு இருக்கு, ஐரோப்பாவுக்கு மாட்ரிட், பாரிஸ், ஃப்ராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் இருக்கு. கொஞ்சம் காசு கூடத்தான், ஆனா சீப்பா வாங்கின டிக்கெட்ட குப்பையில போடறதுக்கு இது தேவலாம்.

கனடாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா பழைய தகவலை நம்பி நெறைய பேரு ஏமாந்திருக்காங்க. முன்னாடி மெக்சிகோக்காரங்க ஆன்லைன்ல ஈடிஏன்னு ஒரு முன் அனுமதி போட்டுட்டு போயிடுவாங்க. 2024 பிப்ரவரி 29ல இருந்து அதை மாத்திட்டாங்க, அன்னைக்கு ராத்திரியோட பழைய ஈடிஏ முக்காவாசி செல்லாம போச்சு. இப்ப செல்லுபடியாகற அமெரிக்க விசா வச்சிருக்கணும், இல்லைன்னா கடந்த 10 வருஷத்துக்குள்ள கனடா விசா வாங்கியிருக்கணும், அவங்க மட்டும், அதுவும் ஃப்ளைட்டுல போனா மட்டும் ஈடிஏ போடலாம், 7 கனடா டாலர்தான். மத்தவங்க எல்லாம் முழு விசாதான். "எங்க மச்சான் 2022ல போனாரே"ன்னு ஆரம்பிக்காதீங்க, போனாரு, இப்ப முடியாது.

ஐரோப்பாவுக்கு வருவோம், அதுலதான் கேள்வி ஜாஸ்தி. ஷெங்கன்னு சொல்ற 29 நாடுங்களுக்கும் சேத்து மெக்சிகோ பாஸ்போர்ட்டுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள். நாட்டுக்கு 90 நாள்னு நெனச்சுக்காதீங்க, ஸ்பெயின்ல 90, அப்பறம் இத்தாலியில 90னு ஒரு புண்ணியவான் ப்ளான் போட்டு எனக்கே அனுப்பியிருந்தாரு. 29க்கும் சேத்து ஒரே உண்டியல்தான். இன்னொரு தப்பு, வெளிய போயிட்டு உள்ள வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு நெனக்கறது.

இதை அண்ணிக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு. போன வருஷம் சேலம் வந்தப்ப, வீட்ல செவ்வாப்பேட்டை வெள்ளிக்கடை குடுத்த மாச காலண்டர் சொவத்துல மாட்டியிருந்துச்சு, அதைக் கழட்டி தரையில விரிச்சு வச்சு, பாப்பாவோட ஸ்கெட்ச் பேனாவுல ரெண்டு கலர் எடுத்து உக்காந்தோம். ஜனவரி 10 உள்ள போறோம், பிப்ரவரி 28 வெளிய வர்றோம்னு வச்சுக்கங்க. போற நாளும் கணக்கு, வர்ற நாளும் கணக்கு, அப்ப ஜனவரியில 22, பிப்ரவரியில 28, மொத்தம் 50 நாள் செவப்பு. அடுத்து மே 20 திரும்ப போறோம். இப்ப எவ்ளோ நாள் இருக்கலாம்? அண்ணி டக்குன்னு 90ன்னாங்க. இல்ல, ஒவ்வொரு நாளும் அன்னையில இருந்து பின்னாடி 180 நாள் எண்ணிப் பாக்கணும், அதுக்குள்ள எத்தனை செவப்புக் கட்டம் விழுதுன்னு. மே 20ல இருந்து எண்ணினா அந்த 50ம் இன்னும் உள்ளதான் கெடக்கு, மிச்சம் 40 நாள்தான், அதாவது ஜூன் 28 கடைசி நாள், அன்னைக்கே வெளிய வந்துடணும். ஜனவரி 10 அந்த 180 நாள் வட்டத்தை விட்டு வெளிய விழறது ஜூலை 9லதான், அதுக்கப்பறம்தான் ஒவ்வொரு நாளா திரும்பக் கெடைக்க ஆரம்பிக்கும். அண்ணி கட்டம் கட்டமா வெரல் வச்சு எண்ணி, நடுவுல ஒரு தடவை தப்பி, மறுபடி மார்ச்சுல இருந்து ஆரம்பிச்சு, கடைசியில ஜூன் 28 மேல பெரிய வட்டம் போட்டாங்க. அந்த வருஷம் பூராவும் எங்க வீட்டு காலண்டர்ல பால்கணக்கும் ஷெங்கன் கணக்கும் ஒன்னா இருந்துச்சு. இங்கிலாந்து இந்த உண்டியல்ல கெடையாது, அயர்லாந்தும் கெடையாது, அங்க இருக்கற நாளுங்க ஷெங்கன்ல கழியாது.

இப்ப இந்தக் கணக்கை அவங்களே மெஷின்ல போட ஆரம்பிச்சிட்டாங்க, 2025 அக்டோபர் 12ல இருந்து. ஈஇஎஸ்னு பேரு, பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தறதுக்கு பதிலா மொத தடவை போறப்ப மூஞ்சி போட்டோவும் கைரேகையும் எடுத்து வச்சுக்கறாங்க, 12 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு கைரேகை எடுக்கறதில்ல, போட்டோ மட்டும்தான். பழைய காலத்துல முத்திரை சரியா தெரியல, ஆபீசர் எண்ணாம விட்டாருன்னு தப்பிச்ச கதையெல்லாம் இனிமே நடக்காது, ஒரு நாள் கூடப் போனாலும் ஸ்கிரீன்ல வந்துடும். மொத தடவை பதியறதுக்கு க்யூ ஜாஸ்தி, அதனால மாட்ரிட்லயோ ஃப்ராங்க்ஃபர்ட்லயோ இறங்கி ஷெங்கனுக்குள்ளயே அடுத்த ஃப்ளைட்டு பிடிக்கறதா இருந்தா ஒன்னரை மணி நேர கேப்பெல்லாம் வச்சுக்காதீங்க, நான் மூணு மணி நேரத்துக்குக் கம்மியா போடறதே இல்ல.

இதுக்கு அடுத்து எட்டியாஸ்னு ஒன்னு வரப்போகுது, கெளம்பறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல அனுமதி, 20 யூரோ, 3 வருஷம் செல்லும், 18 வயசுக்குக் கீழயும் 70க்கு மேலயும் இருக்கறவங்களுக்கு காசு கெடையாது. 2026 கடைசி மூணு மாசத்துல ஆரம்பிக்கறதா அறிவிச்சிருக்காங்க. அறிவிப்பு வந்த அன்னைக்கே போலி சைட்டுங்க மொளைச்சிடுச்சு, 80 யூரோ, 100 யூரோன்னு வாங்கிக்கறானுங்க, ஐரோப்பிய யூனியனோட சொந்த சைட்டைத் தவிர வேற எங்கயும் கார்டு நம்பர் அடிக்காதீங்க.

சரி, கவுன்டர்ல என்ன கேப்பாங்க. ஸ்பெயின்லதான் மெக்சிகோக்காரங்க அதிகமா இறங்கறது, பாஷை ஒன்னுங்கறதால கேள்வியும் வெளாவாரியா வரும். எங்க தங்கறீங்க, எத்தனை நாளு, எப்ப திரும்பறீங்க, என்ன வேலை, கையில எவ்ளோ. ஹோட்டல்னா எல்லா ராத்திரிக்கும் புக்கிங் இருக்கணும், மொத மூணு நாளைக்கு மட்டும் போட்டுட்டு மிச்சத்தை அங்க போயி பாத்துக்கலாம்னா அந்த இடத்துலயே பிடிச்சுக்குவாங்க. சொந்தக்காரங்க வீட்ல தங்கறதா இருந்தா அந்த வீட்டுக்காரங்க அங்க போலீஸ் ஸ்டேஷன்ல அப்ளை பண்ணி ஒரு அழைப்புக் கடிதம் வாங்கி அனுப்பணும், வெள்ளைப் பேப்பர்ல "இவங்க என் ஃப்ரெண்டு"ன்னு எழுதிக் குடுக்கறது செல்லாது, அது வர வாரக்கணக்குல ஆகும், அதனால ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லுங்க. அந்தக் கடிதம் தங்கற எடத்துக்கு மட்டும்தான், காசும் ரிட்டன் டிக்கெட்டும் தனியா காட்டணும்.

காசு விஷயத்துல ஸ்பெயின் ரூல் தெளிவா இருக்கு, அங்க மாச குறைஞ்சபட்ச சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு, 2025 கணக்குப்படி 118 யூரோவும் சில்லறையும். எத்தனை நாள் கம்மியா தங்கினாலும், அதே 2025 கணக்குல, குறைஞ்சது 1,065 யூரோவும் சில்லறையும். மொத்தத்தையும் ரொக்கமா எடுத்துட்டுப் போகணும்னு இல்ல, கிரெடிட் கார்டும் அதோட ஸ்டேட்மென்ட்டும் போதும், ஸ்டேட்மென்ட்ல இருக்கற பேரும் பாஸ்போர்ட்டுல இருக்கற பேரும் ஒத்துப் போகணும். ரொக்கம் 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ இருந்தா உள்ள போறப்ப சொல்லியாகணும், மெக்சிகோவுலயும் 10,000 டாலருக்கு மேல போனா கஸ்டம்ஸ்ல எழுதிக் குடுக்கணும். அவ்ளோ ரொக்கம் வச்சிருக்கறவங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்க, இருந்தாலும் சொல்றேன்.

அண்ணி மொத தடவை தனியா மாட்ரிட் போனப்ப நான் சேலத்துல பட்டைக்கோயில் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில பிரின்ட் எடுத்து பத்து ரூபா ப்ளாஸ்டிக் ஃபைல்ல வரிசையா போட்டுக் குடுத்தேன், மேல ரிட்டன் டிக்கெட்டு, அடுத்து ஹோட்டலு, அடுத்து கார்டு ஸ்டேட்மென்ட்டு, அடுத்து ஆபீஸ்ல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் லீவுன்னு எழுதின லெட்டரு, கடைசியா இன்ஷூரன்ஸ். விசா இல்லாம போறவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்ல, இருந்தாலும் எடுத்துக்கங்க, அங்க ஆஸ்பத்திரி பில்லு நம்ம ஊரு மாதிரி இல்ல. போன்ல இருக்கேன்னு சொல்லாதீங்க, க்யூவுல போன் எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கற ஏர்போர்ட்டுங்க இருக்கு, சார்ஜும் செத்துப்போயிருக்கும். ஆபீசர் ஃபைல வாங்கி மொத ரெண்டு பேப்பர மட்டும் பாத்துட்டு குடுத்துட்டாராம். அண்ணிக்கு ஏமாத்தமாப் போச்சாம், இவ்ளோ கஷ்டப்பட்டு அடுக்கினதை பாக்கலையேன்னு.

அண்ணன் கூடப் போனா வேற கதை. அண்ணனோடது நம்ம பாஸ்போர்ட்டு, ஷெங்கன் விசா இல்லாம அசைய முடியாது, மெக்சிகோவுல ரெசிடென்ட் கார்டு இருந்தாலும் அது ஐரோப்பாவுக்கு உதவாது. அதனால குடும்பமா போறதா இருந்தா மொதல்ல நம்ம பாஸ்போர்ட்டுக்காரருக்கு விசா வரட்டும், அப்பறம் டிக்கெட் போடுங்க. ஒரு தடவை ஆர்டர மாத்திப் போட்டு, அண்ணியும் பாப்பாவும் பாரிஸ்ல இருக்காங்க, அண்ணன் குவாதலஹாராவுல மோர்சோறு தின்னுக்கிட்டு வீடியோ கால்ல ஈஃபில் டவர் பாத்துச்சு.

மத்த நாடுங்க வேகமா சொல்லிடறேன். இங்கிலாந்துக்கு 2025 ஜனவரி 8ல இருந்து மெக்சிகோக்காரங்களும் ஈடிஏ போடணும், ஆரம்பத்துல 10 பவுண்டு, அந்த ஏப்ரல்லயே 16 ஆக்கிட்டாங்க, கட்டற அன்னைக்கு என்ன ரேட்டுன்னு ஆப்ல பாத்துக்கங்க, 2 வருஷம் செல்லும், ஒரு தடவைக்கு 6 மாசம் வரைக்கும் இருக்கலாம், பாஸ்போர்ட்டு புதுசு எடுத்தா ஈடிஏவும் புதுசு. கொரியாவுக்கு கே-ஈடிஏ, 10,000 வோன், 17 வயசு வரைக்கும், அப்பறம் 65ம் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு வேண்டாம், மூணு நாளைக்கு முன்னாடியே போட்டுடுங்க. ஜப்பானுக்கு முன் அனுமதி எதுவும் இல்ல, விசிட் ஜப்பான் வெப்னு அவங்க அரசாங்க சைட்டுல விவரம் போட்டு க்யூஆர் கோடு எடுத்து வச்சுக்கிட்டா க்யூ கொறையும், அங்க ஊர் சுத்தறப்ப பாஸ்போர்ட்டு எப்பவும் ஒடம்போட இருக்கணும், ஹோட்டல் லாக்கர்ல வச்சுட்டு போகக்கூடாது, அது அங்க சட்டம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூணுமே எறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல வருகை கார்டு போடச் சொல்றாங்க, மூணும் ஓசி, காசு கேக்கற சைட்டு எல்லாம் டூப்ளிகேட்டு. கொலம்பியாவுக்கு செக்-மிக்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம், அதுவும் ஓசிதான், கெளம்பறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள. சீனா போக மெக்சிகோக்காரங்களுக்கு விசா வேணும், ஆனா ஒரு நாட்டுல இருந்து வந்து வேற நாட்டுக்குப் போற வழியில எறங்கினா 240 மணி நேரம் விசா இல்லாம இருக்கலாம், வந்த நாட்டுக்கே திரும்பினா அது செல்லாது, மூணாவது நாடா இருக்கணும்.

பாப்பா விஷயம். மெக்சிகோவுல 18 வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்க அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் கூட இருந்தா நாட்டை விட்டு வெளிய போக தனியா அனுமதி வேண்டியதில்ல. பாட்டி கூட, சித்தி கூட, தனியா போனா கட்டாயம் வேணும், அங்க இமிக்ரேஷன் ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் இருக்கு, சாம்னு சொல்லுவாங்க, இல்லைன்னா நோட்டரி கிட்ட எழுதி வாங்கணும். அம்மா அப்பா ரெண்டு பேரோட பாஸ்போர்ட்டு காப்பி, புள்ளையோட பிறப்பு சான்றிதழ் எல்லாம் வேணும். பாட்டி கூட அனுப்பறவங்க ஏர்போர்ட்டுல போயி பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அம்மா மட்டும் கூட்டிட்டுப் போறப்ப மெக்சிகோ கேக்கலைன்னாலும் போய் எறங்கற நாட்டுல கேக்கலாம், அதுலயும் நம்ம புள்ளைங்களுக்கு அப்பா பேரும் அம்மா பேரும் ஒரு ஜாடையில கூட ஒத்துப்போகாது, அதனால அண்ணன் கையெழுத்து போட்ட ஒரு சம்மதக் கடிதமும் பிறப்பு சான்றிதழ் காப்பியும் ஃபைல்ல எப்பவும் இருக்கும்.

சாப்பாட்டு சாமான். அண்ணியோட அம்மாவை நான் அத்தைன்னுதான் கூப்பிடறது, அவங்க ஸ்பெயின்ல இருக்கற பையனுக்கு ஒவாஹாகா சீஸு, நூல் உருண்டை மாதிரி சுத்தி சுத்தி இருக்கும், அதையும் காரமா ஒரு பன்னிக்கறி சாசேஜையும் பெட்டியில வச்சுட்டாங்க. ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து கறியும் பால் சாமானும் கொண்டுபோகவே கூடாது, நம்ம நெய்யும் பால்கோவாவும் அதே கணக்குதான். எடுத்து குப்பையில போட்டாங்க, அத்தை ஒரு வாரம் அதைப் பத்தியே பேசினாங்க. சிலிக்குப் போறவங்க இன்னும் ஜாக்கிரதை, அங்க பழம், வெதை, தேன் எது இருந்தாலும் ஃபார்ம்ல "இருக்கு"ன்னு எழுதிட்டா எடுத்துக்கிட்டு விட்டுடுவாங்க, இல்லைன்னு எழுதிட்டு பையில ஒரு ஆப்பிள் கெடந்தாலும் ஃபைன். ஃப்ளைட்டுல குடுக்கற பழம் கூட கணக்குதான். சேலத்து மாம்பழத்தை எங்கயும் தூக்கிட்டுப் போகலாம்னு நெனக்கறவங்க எங்க குடும்பத்துலயும் ரெண்டு பேரு இருக்காங்க, சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.

கடைசியா நம்ம ஊரு. மாப்ள வீட்டைப் பாக்க வர்றாங்களே விசா எதுக்குன்னு கேக்காதீங்க, இந்தியாவுக்கு மெக்சிகோ பாஸ்போர்ட்டுல விசா இல்லாம வர முடியாது. ஈ-விசா கெடைக்கும், டூரிஸ்ட்டுக்கு 30 நாள், 1 வருஷம், 5 வருஷம்னு மூணு விதம், குறைஞ்சது நாலு நாளைக்கு முன்னாடி போடணும், பாஸ்போர்ட்டு 6 மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். அரசாங்க சைட்டு மாதிரியே பேரு வச்சு அசல் மாதிரியே இருக்கற டூப்ளிகேட்டு சைட்டுங்க எக்கச்சக்கம், முகவரி கடைசியில ஜிஓவி புள்ளி ஐஎன் இருக்கான்னு பாத்துட்டு கார்டு அடிங்க. 2025 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈ-அரைவல் கார்டும் வந்திருக்கு, எறங்கறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல போட்டுடலாம். பாப்பாவுக்கு ஓசிஐ, அதாவது வெளிநாட்டு பாஸ்போர்ட்டு வச்சிருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற கார்டு, வாங்கியாச்சுன்னா அவளுக்கு ஈ-விசா வேண்டாம், ஆனா ஓசிஐ கார்டையும் பாஸ்போர்ட்டையும் சேத்தே எடுத்துட்டு வரணும், கார்டு பீரோவுல இருக்குன்னா ஏத்த மாட்டாங்க.

வர்ற வழியில கொலம்பியா, பெரு, பிரேசில் சுத்திட்டு ஆறு நாளுக்குள்ள இந்தியாவுல எறங்கினா மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி சான்றிதழ் கேப்பாங்க, இல்லைன்னா ஏர்போர்ட்டுல இருந்தே தனியா கொண்டுபோயி வச்சிடுவாங்க. மெக்சிகோவுல இருந்து நேரா வந்தா அந்தத் தொல்லை இல்ல. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சான்றிதழ் செல்லும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

எங்களுக்கு பெங்களூரு ஏர்போர்ட்டுதான் வசதி, எறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் தாண்டி வந்தா வீடு. வீட்ல தங்க வச்சாலும் ஹோட்டல்ல தங்க வச்சாலும் வெளிநாட்டுக்காரங்க வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும், சி ஃபார்ம்னு சொல்லுவாங்க, ஹோட்டலுக்கு மட்டும்னு நெனச்சு நாங்களே மொத தடவை விட்டுட்டோம். ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பாப்பா ரெண்டு தடவை வாந்தி எடுத்து, ஒரு ஹோம்ஸ்டே போயி சேந்தா, அந்த அண்ணன் மொதல்ல காப்பி குடுக்கல, அண்ணியோட பாஸ்போர்ட்டையும் ஈ-விசா பிரின்ட்டையும் கேட்டாரு. காப்பித் தோட்டத்துக்குள்ள சிக்னல் இல்ல, கேட்டுக்கிட்ட போயி கையத் தூக்கிப் பிடிச்சு போட்டோ எடுத்து அப்லோடு பண்ணிட்டு வந்துதான் சாவியே குடுத்தாரு. அண்ணி ப்ளாஸ்டிக் ஃபைல எடுத்து நீட்டினாங்க, அந்த பத்து ரூபா ஃபைலுதான், மாட்ரிட் போயிட்டு வந்தது. ராத்திரிக்கு சௌசௌ கூட்டு, அண்ணி தட்டைப் பாத்துட்டு இது எங்க ஊரு காய், சயோத்தேன்னு சொன்னாங்க. அது எந்த விசாவுல வந்துச்சோ.